ஏழாம் நம்பர் கிரிம்பிங் டூல்

ஜூலை 3, வியாழன்

இந்த டைரி, டெர்மினல் சப்ளை செய்கிறவர்கள் ஜனவரியில் கொடுத்தது. ஆறு மாதமாகப் பால்காரர் வராத நாட்களைக் குறிக்க மட்டும்தான் பயன்பட்டது. இன்றிலிருந்து வேறு வேலைக்கு எடுத்திருக்கிறேன். சுலோச்சனா எனக்குச் செய்ததை ஒன்றுவிடாமல் எழுதப் போகிறேன். எழுதாவிட்டால் மறந்துபோகும். மறந்துபோனால் மன்னித்த மாதிரி ஆகிவிடும்.

எங்கள் கம்பெனியில் பம்பு மோட்டார்களின் கன்ட்ரோல் பெட்டிக்குள் போகிற ஒயர் கட்டுகள் செய்கிறோம். பதினான்கு வருடமாக நான் கிரிம்பிங் மேஜையில் இருந்தேன். ஒயர் நுனியைச் சீவி, பித்தளை டெர்மினலுக்குள் நுழைத்து, டூலின் தாடையில் வைத்துக் கைப்பிடியை அழுத்த வேண்டும். டெர்மினலின் இரண்டு காதுகளும் மடிந்து செம்புக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேலைதான். ஆனால் ஒரே ஒரு டெர்மினல் சரியாகக் கவ்வாவிட்டாலும் எங்கோ ஒரு தோப்பில் மோட்டார் நின்றுவிடும்.

போன மாதம் நின்றது. பொள்ளாச்சிப் பக்கம் ஒன்றல்ல, முப்பத்தொரு மோட்டார். மே மாதம் நான் செய்த லாட். ஒயரைத் தொட்டாலே டெர்மினல் கழன்று கையோடு வருகிறது என்று மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விசாரணை நடந்தது. என்னுடைய ஏழாம் நம்பர் டூலுக்குள், தாடை சரியாக மூடுகிறதா என்று அளக்கிற கேஜ் கம்பியை விட்டுப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. டூல் சரி என்றால் தப்பு ஆளுடையது. லைன் லீடர் சுலோச்சனாவைக் கூப்பிட்டு மேனேஜர் தண்டபாணி கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “அந்தக்கா காலைல கேஜ் பாக்கறதில்லீங்க சார்” என்றாள்.

என் தகுதி அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த அட்டை இல்லாமல் இந்தக் கோயமுத்தூரில் எந்தக் கம்பெனியிலும் கிரிம்பிங் டூலைத் தொட விடமாட்டார்கள். நாற்பத்தைந்து வயதில் புதிதாகச் சேர்ந்த பெண்களோடு உட்கார்ந்து டேப் சுற்றுகிறேன். ஏழாம் நம்பர் டூல் இப்போது சுலோச்சனா கையில். ஒன்பது வருடம் என் டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டவள்.

ஜூலை 4, வெள்ளி

டேப் சுற்றினேன்.

ஜூலை 7, திங்கள்

தண்டபாணி சார் கூப்பிட்டனுப்பினார். டூல்களைச் சுத்தம் செய்கிற ஆள் நின்றுவிட்டானாம். “சுத்தம் பண்றதாச்சும் உனக்கு ஒழுங்கா வரும்ல ரங்கநாயகி?” என்றார். வருமுங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். மனதுக்குள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாரும் டூலைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறார்கள். மொத்தம் பதினொன்று. தாடைக்குள் சிக்கிய செம்புத் துகளைப் பிரஷ்ஷால் தட்ட வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. மூட்டில் இருக்கிற பின்களில் ஒரு சொட்டு எண்ணெய், ஒன்றே ஒன்று. வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் அது தாடைக்கு இறங்கி டெர்மினலில் ஒட்டும். கடைசியில் கைப்பிடியை மூடிய நிலையில் பெட்டியில் வைக்க வேண்டும், தூசி போகாது.

சுலோச்சனா ஏழாம் நம்பரை நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. கைப்பிடியில் பச்சை ரிப்பன் சுற்றி வைத்திருக்கிறாள். என் டூலுக்கு ரிப்பன்.

வீட்டில் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம் பிடித்தேன்.

ஜூலை 9, புதன்

நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். 21ஆம் தேதி ஆடிட். சென்னையிலிருந்து வருகிறார்கள். கிரிம்பிங் மேஜையில் இருக்கிற ஒவ்வொருவரும் ஆடிட்டர் கண் முன்னால் பத்துத் துண்டு செய்ய வேண்டும். பத்தையும் மெஷினில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். கழன்றால் அட்டை போச்சு. லீடராக இருந்தாலும் போச்சு.

அந்த வரியை மூன்று தடவை படித்தேன்.

டூலில் ராட்செட் என்று ஒன்று உண்டு. முழுதாக அழுத்தி முடிக்கும் வரை கைப்பிடியைத் திறக்க விடாத பல்சக்கரம். பாதியில் விட்டுவிட ஆசைப்பட்டாலும் அது விடாது. பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு, அதைச் சுற்றி ஒன்று முதல் ஆறு வரை எண்கள். ரிஜிஸ்டரில் எல்லா டூலுக்கும் ஐந்து என்று எழுதியிருக்கிறது. அதை மூன்றுக்குக் கொண்டுவந்தால் தாடை முழுதாக மூடுவதற்கு முன்பே ராட்செட் விட்டுவிடும். கைக்கு வலி பாதியாகக் குறையும். டெர்மினல் கவ்வினாற்போல் இருக்கும், ஆனால் கவ்வாது. இதெல்லாம் பதினான்கு வருடப் பழக்கத்தில் தெரிகிற விஷயங்கள்.

கேஜ் இதைக் கண்டுபிடிக்காது. கேஜ் பார்க்கும்போது எல்லாரும் கைப்பிடியைக் கடைசி வரை இறுக்கிப் பிடித்துத்தான் பார்க்கிறார்கள், அப்போது தாடை சரியாகத்தான் மூடும். ராட்செட் எந்த இடத்தில் விடுகிறது என்று பார்க்க மெல்லிய ஷிம் தகடு ஒன்று இருக்கிறது. அது டூல் ரூம் டிராயரில் பிரிக்காத கவரில் கிடக்கிறது. எங்கள் கம்பெனியில் அதை யாரும் தொட்டதில்லை.

திருகின் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்து முத்திரை போட்டிருப்பார்கள். முத்திரையை உடைப்பவர் அன்றே பணிநீக்கம் என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. உடைத்துவிட்டு வேறு நெயில் பாலிஷ் வைத்தால் யாருக்குத் தெரியும் என்று எழுதியவர் யோசிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

மணிக்கட்டு வலி. தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மணி, மார்ச்சு மாசம் பூரா கை வலின்னு அழுதே. ஏப்ரல்ல பட்டுனு நல்லாப் போச்சு. இப்ப டேப் சுத்தறதுக்கா மறுபடியும் வலிக்குது?” என்று கேட்டார்.

ஆமாம், டேப்பால்தான் என்றேன். வார்ப்படப் பட்டறையில் நாளெல்லாம் மண்ணைக் குத்துகிறவருக்கு எதற்கு இவ்வளவு ஞாபகசக்தி என்று தெரியவில்லை.

ஜூலை 12, சனி

மத்தியானம் சுலோச்சனா கொள்ளுப் பருப்புக் கடைசலோடு என் மேஜைக்கு வந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று தெரியும். சாப்பிட்டாயிற்று என்று சொன்னேன். என் டிபன் பாக்ஸ் திறக்காமல் அவள் கண்ணெதிரே இருந்தது. அப்படியும் போகாமல் நின்றாள்.

“ஆடிட் முடியட்டுங்க்கா. சார்கிட்ட நான் உங்களுக்காகப் பேசறேன்.”

பேசுவாளாம். வாயைத் திறந்து என்னைக் குழியில் தள்ளியவள், அதே வாயால் தூக்கிவிடுவாளாம். அவள் கழுத்தில் என் அட்டை மாதிரியே ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதை 21ஆம் தேதிக்குப் பிறகு பார்க்க மாட்டேன் என்று நினைத்ததும் பசி வந்தது. அவள் போன பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எல்லாரும் போன பிறகு ஏழாம் நம்பரை எடுத்தேன். ஆடிட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது, திருகு சுலபமாக நகர்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைக்கலாமென்றுதான். ஊசியால் முத்திரையைச் சுரண்டினேன். திருகு ஐந்தில் நின்றது.

மூன்றில் இருக்க வேண்டும்.

ரிஜிஸ்டர்படி ஐந்துதான் சரி, அது எனக்குத் தெரியும். ஆனால் நான் விட்டபோது அது மூன்றில் இருந்தது. ஏப்ரலில் எண்ணெய் விடும்போது தானாக நகர்ந்திருக்கலாம். தானாக நகராது என்றும் எனக்குத் தெரியும், அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

விஷயம் அதுவல்ல. யாரோ அதை மறுபடி ஐந்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். விசாரணைக்கு முதல் நாள் டூல் பெட்டியின் சாவி ஒருத்தியிடம்தான் இருந்தது. நெயில் பாலிஷ் பாட்டிலும் அவள் டிராயரில்தான் இருக்கும். ஆக அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, சரிசெய்துவிட்டு, கேஜ் பார்ப்பதில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

திருகை ஐந்திலேயே விட்டு என் நெயில் பாலிஷை வைத்து மூடிவிட்டு வந்தேன். பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் தாண்டிப் போய் இறங்கினேன்.

ஜூலை 16, புதன்

நேற்று வந்த குழப்பம் இன்று தெளிந்துவிட்டது. எனக்குக் கோபம் குறையவில்லை, கூடியிருக்கிறது.

என்னைக் காப்பாற்றினாளாம். நான் கேட்டேனா? ஒரு வார்த்தை, “அக்கா, இப்படி இருந்துச்சு, நான் மாத்திட்டேன்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒன்றரை மாதமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. அவளைக் கரித்துக்கொட்டி நான் ஊரெல்லாம் பேசியதை அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், பாவம் பேசிவிட்டுப் போகட்டும் என்று. கொள்ளுப் பருப்பு அதற்குத்தான். என்மேல் பாவம் பார்க்க இவள் யார்? பொய் சொல்லி என்னைத் தள்ளியிருந்தால்கூட என்றாவது ஆறியிருக்கும். இது ஆறாது.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. இவர் பவானிக்காரர், தேங்காய் சுடாமல் விடமாட்டார். கண்ணைக் குத்தி, பொட்டுக்கடலை, எள், வெல்லம் எல்லாம் திணித்து, குச்சியில் சொருகி வாசலில் நெருப்பு மூட்டினார். புகையில் கண் எரிந்தது. நன்றாக வெந்திருந்தது.

ஜூலை 19, சனி

செய்துவிட்டேன். மூன்று.

ஜூலை 21, திங்கள்

ஆடிட்டர் ஒரு பெண். முப்பது வயதுதான் இருக்கும், கண்ணாடி, பருத்திப் புடவை, குரலே உயர்த்தவில்லை. டூல்களை எடுத்து வைப்பதற்காக நான் அந்த மேஜை ஓரத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. வேறெங்கும் நிற்க எனக்கும் மனமில்லை.

ஆறாவது ஆளாகச் சுலோச்சனா உட்கார்ந்தாள். கேஜ் விட்டார்கள், சரியாக இருந்தது. முதல் டெர்மினலை வைத்து அழுத்தினாள். ராட்செட் விட்ட சத்தம் எனக்கே கேட்டது. சீக்கிரமாக விட்டது. அவள் கை அப்படியே நின்றது. திருகைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

இப்போது எழுந்து, டூலை யாரோ தளர்த்தியிருக்கிறார்கள் என்று சொல்வாள், எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. அந்த முதல் துண்டை ஒயர் நுனி பிசகிவிட்டது என்று குப்பைத் தட்டில் போட்டாள். அடுத்ததை வைத்தாள். ராட்செட் விட்ட பிறகும் கையை விடாமல், தாடையோடு தாடை முட்டும் வரை தன் பலத்தாலேயே இறுக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. இப்படிப் பத்து. ஒவ்வொன்றையும் மெஷினில் மாட்டி இழுத்தார்கள். பத்தில் ஒன்றுகூடக் கழலவில்லை.

ஆடிட்டர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார். சுலோச்சனா எழுந்து நின்றுகொண்டு சொன்னாள்:

“மேடம், இந்தக்கா பதினாலு வருசம் கிரிம்பிங் பண்ணவங்க. ஒரு தப்புக்கு அட்டை போயிருச்சு. இன்னைக்கே இவங்களையும் பாத்துட்டீங்கன்னா திரும்பக் குடுத்துரலாமுங்க.”

தண்டபாணி சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது, ஆள் பற்றாக்குறை. ஆடிட்டர் சரி என்றார். சுலோச்சனா ஏழாம் நம்பரை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். “உங்க டூல்தானுங்க்கா” என்றாள். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். அவள் உள்ளங்கையில் தோல் வழன்றிருந்தது.

என் அட்டை ஒரு கை தூரத்தில் இருந்தது. டூல் தளர்ந்திருக்கிறது, வேறு கொடுங்கள் என்று சொல்லலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? உட்கார்ந்தேன். அவள் செய்ததைப் போலவே, ராட்செட் விட்ட பிறகும் அழுத்தினேன். மூன்றாவது துண்டில் மணிக்கட்டுக்குள் என்னவோ சுளுக்கியது. ஆறாவது வரை எப்படியோ இறுக்கிவிட்டேன். அதற்குப் பிறகு ராட்செட் விட்ட இடத்தில் என் கையும் விட்டுவிட்டது. பத்தில் நான்கு கழன்றன.

ஆடிட்டர் மறுபடி கேஜ் விட்டுப் பார்த்தார். டூல் சரியாக இருக்கிறது என்று எழுதினார். ஆள் தகுதியில்லை என்றும் எழுதினார். தண்டபாணி சார் புதன்கிழமைக்குள் எழுத்து மூலம் விளக்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கை கழுவுகிற இடத்தில் அவள் எனக்காகக் காத்திருந்தாள்.

“ஏப்ரல்ல நீங்க பண்ணதச் சொல்லியிருந்தா அன்னைக்கே உங்கள வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. ஒன்னுமில்லாத குத்தமாப் பாத்து ஒன்னச் சொல்லி உங்கள உள்ளயே வெச்சேன். முத்திரையத் தொட்டதுக்கு என் வேலையும் போயிருக்குமுங்க. தெரிஞ்சேதான் தொட்டேன்.” குழாயை மூடினாள். “கை வலிக்குப் பண்ணீங்கன்னு பாவம் பாத்தேன். நேத்து வரைக்கும் பாத்தேன். இனிமே இல்லீங்க்கா.”

கை கழுவாமலே திரும்பி வந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

உடம்பு சரியில்லை என்று அரை நாள் விடுப்பு. விளக்கம் எழுதப் புதுத்தாள் வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். கஷ்டப்பட்டு எழுதினேன், இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு.

முதலில் எழுதியது: வயதாகிவிட்டது, கை ஒத்துழைக்கவில்லை, மன்னிக்கவும். கிழித்துப் போட்டேன்.

அப்புறம்தான் அது தோன்றியது. உண்மையை எழுதினால் என்ன? ஏப்ரலில் முத்திரையை உடைத்தது நான். கை தாங்கவில்லை, மூன்றுக்குத் திருப்பினேன், மே மாதம் முழுவதும் அதிலேயே செய்தேன். அது தெரிந்தும் லைன் லீடர் சுலோச்சனா ரகசியமாக முத்திரையை உடைத்து ஐந்துக்குத் திருப்பி, விசாரணையில் மறைத்தாள். நான் எப்படியும் போகப் போகிறேன். அவளும் கூட வருவாள். அவள் வேலையும் அட்டையும் பச்சை ரிப்பனும் எல்லாம் ஒரே நாளில். இருபது நாளாகத் திட்டம் போட்டுத் திருட்டுத்தனமாகத் தேடியது, ஒரு பொய்கூட இல்லாமல் என் பேனா நுனியில் இருந்தது. சந்தோஷத்தில் எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்தேன்.

திரும்ப வந்து அவள் பெயரை எழுத உட்கார்ந்தேன். “பாவம் பாத்தேன்” என்று சொன்ன அந்த வாய்தான் கண்ணில் நின்றது. இந்தக் கடிதம் போனால் அவளும் என்னை மாதிரி ஆவாள், அவ்வளவுதான். ஊரெல்லாம் என்னைத் திட்டுவாள். திட்டித் திட்டி ஆறிவிடுவாள். திட்ட ஆள் இருந்தால் ஆறிவிடும், எனக்குத் தெரியும். திட்ட முடியாமல் போனால்தான் ஆறாது.

கடைசியில் எழுதியது இதுதான். ஏப்ரலில் ஏழாம் நம்பர் டூலின் முத்திரையை உடைத்துத் தளர்த்தியது நான். லாட் திரும்பி வந்ததும் பயந்துபோய் அதை ஐந்துக்குத் திருப்பியதும் நான். ஆடிட்டுக்கு முன்பு மறுபடி தளர்த்தியதும் நான். வேறு யாருக்கும் இது தெரியாது. எல்லா டூலையும் ஷிம் தகடு வைத்துப் பார்க்கவும்.

அந்த மூன்று ‘நான்’களில் இரண்டுதான் உண்மை. கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 23, புதன்

தண்டபாணி சார் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். சுலோச்சனாவை ரிஜிஸ்டரோடு வரச் சொன்னார். அவள் எதிரிலேயே சத்தமாக வாசித்தார். ஐந்துக்குத் திருப்பியதும் நான் என்ற இடம் வந்தபோது அவள் நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசினால் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும், அது எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவளுடைய மாமியார் படுக்கையில், வீட்டுக்காரர் வேலை நிரந்தரமில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

“ஏம்மா, உனக்கு இது தெரியுமா?” என்று சார் அவளைக் கேட்டார்.

“தெரியாதுங்க சார்” என்றாள்.

பத்தரை மணிக்கு வாட்ச்மேனிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே ஓடி வந்தாள். கேட் வரைதான் வர முடியும், லைன் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நான் உங்களக் கேட்டனாக்கா?” என்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“போய் வேலையப் பாரு, சுலோச்சனா” என்றேன்.

இனி தினமும் காலையில் ஏழாம் நம்பரை அவள்தான் கையில் எடுக்க வேண்டும். எடுக்கட்டும்.